தையல் பிரித்தாயிற்று... தழும்பு ஆறியதா?

தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட பாதிப் பிரசவம் சிசேரியன். தொற்று தலைகாட்டுவது வீட்டுக்குப் போன பிறகு. கர்ப்பப்பைத் தழும்பின் நிலை தெரிவது அடுத்த கர்ப்பத்தில். இந்த இரண்டு நேரத்திலும் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொள்வது யார்?

பத்தாவது நாள். சித்திரை வெயில். ஆனாலும் மின்விசிறி போடக் கூடாது என்று தாய்வீட்டின் நடு அறையில் ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். பிள்ளை பெற்றவளின் தலையில் துண்டு, காதில் பஞ்சு. பழைய நூல்புடவையைக் கிழித்து வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். தட்டில் பூண்டுக் குழம்பும் குழைந்த சோறும். "பருப்பு வேணாம் கண்ணு, தையல் சீழ் வச்சுக்கும்" என்கிறார் பாட்டி.

குழந்தையைத் தூக்கக் குனிந்தவளுக்கு அடிவயிற்றில் சுரீர் என்கிறது. நைட்டியின் முன்பக்கம் ஈரம். பால்தான் கசிந்திருக்கிறது என்று துடைத்துவிட்டு உட்காருகிறாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஈரம். கட்டை அவிழ்த்துப் பார்த்தால், தையலின் ஒரு முனை விட்டுக் கலங்கலாக நீர் வடிகிறது. சுற்றிலும் தோல் சிவந்து கொதிக்கிறது. வீட்டில் எழும் முதல் கேள்வி, "என்னத்தைச் சாப்பிட்டே?"

எந்த ஊர் மருத்துவமனையின் டிரெஸ்ஸிங் அறை வாசலில் நின்றாலும், இடுப்பில் குழந்தையுடன் ஒரு அம்மாவும், அடிவயிற்றைப் பிடித்தபடி மெல்ல நடந்துவரும் மகளும் கண்ணில் படுவார்கள். அந்த மகள் வலியோடு ஒரு குற்ற உணர்வையும் சுமந்து வருகிறாள். தன் வாயைக் கட்டாததால்தான் இப்படி ஆனது என்று அவளை நம்ப வைத்திருக்கிறார்கள்.

2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். 2015-16 ஆய்வில் இது 34.1 சதவீதமாக இருந்தது. தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 63.8 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 36. இந்திய சராசரி 21.5. ஏன் இத்தனை ஆபரேஷன் என்ற கேள்வியை இந்த மாநிலம் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது, கேட்கவும் வேண்டும். தக்க நேரத்தில் செய்த சிசேரியன் எத்தனையோ தாய்மார்களைப் பிழைக்க வைத்திருக்கிறது என்பதையும் மறக்க முடியாது. 2018-20 கணக்கில் 1 லட்சம் உயிர்ப்பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தபோது, தமிழ்நாட்டில் அது 54.

ஆனால் நம் விவாதம் முழுவதும் தியேட்டர் கதவோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்பதைப் பேச ஆளில்லை. பேச வேண்டியது அங்கேதான் அதிகம் இருக்கிறது.

வீட்டுக்குப் போன பிறகு வரும் சீழ்

ஆபரேஷன் ஆன 30 நாளுக்குள் அந்த இடத்தில் வரும் தொற்றை அறுவைத் தொற்று என்று மருத்துவம் கணக்கில் கொள்கிறது. சிசேரியன் புண்ணில் அது பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் நாளுக்குப் பிறகே வெளியே தெரியும். தனியார் மருத்துவமனையில் மூன்று நான்கு நாளில் அனுப்பிவிடுகிறார்கள். அரசு மருத்துவமனைகளில், ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, சிசேரியன் ஆன தாய்க்கு 7 நாள் வரை இலவச உணவு உண்டு. அங்கும் தங்குவது பெரும்பாலும் அந்த ஒரு வாரம்தான். ஆக, சீழ் வைக்கும் நாளில் பெரும்பாலான பெண்கள் மருத்துவமனையில் இருப்பதில்லை.

இங்கிலாந்தில் 14 மருத்துவமனைகளில் சிசேரியன் ஆன 4,107 பெண்களை வீட்டுக்குப் போன பிறகும் விடாமல் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 9.6 சதவீதம் பேருக்குத் தொற்று வந்திருந்தது. வசதி மிகுந்த ஒரு நாட்டில் கிட்டத்தட்ட பத்தில் ஒருவர். பெரும்பாலானவை தோலளவில் நின்ற தொற்றுகள்தான். ஆனாலும் டிஸ்சார்ஜ் அன்றோடு கணக்கை மூடியிருந்தால் இவற்றில் பாதிகூடப் பதிவாகியிருக்காது. மருத்துவமனை வார்டில் மட்டும் தேடி "எங்களிடம் தொற்றே இல்லை" என்று சொல்லும் எந்தப் புள்ளிவிவரத்தையும் நான் நம்பமாட்டேன்.

தமிழ்நாட்டுக்கென்று இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வந்து தாயையும் குழந்தையையும் பார்க்கும் ஏற்பாடு இங்கே நல்லபடியாக வேரூன்றியது. ஆனால் பெண் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருப்பாள். கர்ப்பகாலத்தில் அவளைப் பார்த்துப் பழகிய செவிலியர் புகுந்த வீட்டு ஊரில் இருப்பார். ஆபரேஷன் நடந்தது மூன்றாவது ஒரு ஊரில். புண்ணைப் பார்க்க வேண்டிய இரண்டு வாரமும் இந்த மூன்று ஊர்களுக்கு நடுவில் கரைந்துவிடுகிறது.

கிருமி வரும் வழி

தோலில் எப்போதும் வாழ்கிற ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் கீறல் வழியாக உள்ளே போகலாம். பனிக்குடம் உடைந்து பல மணி நேரம் வலியெடுத்து, பலமுறை உள்பரிசோதனை செய்து, கடைசியில் அவசரமாக ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்குப் பிறப்புறுப்பிலிருந்தும் கிருமி மேலேறி கர்ப்பப்பையை அடையும். அதனால்தான் நாள் குறித்துச் செய்யும் சிசேரியனைவிட, வலியெடுத்த பிறகு செய்யும் சிசேரியனில் தொற்று அதிகம்.

அதற்கு இடம் கொடுப்பது உடலின் நிலை. சர்க்கரை கூடினால் கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் மந்தமாகும். ரத்தசோகை இருந்தால் புண்ணுக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். வயிற்றில் கொழுப்பு தடித்திருந்தால் தையலுக்கு அடியில் நீர் கோத்துக்கொள்ளும். தொப்பை மடிப்புக்குள் வியர்வை தேங்கும். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு ரத்தசோகை. கர்ப்பகாலச் சர்க்கரையும் இங்கே சாதாரணம். அதைக் கர்ப்பிணிகள் அனைவரிடமும் தேட வேண்டும் என்று சென்னையில் இருந்தபடி நாட்டுக்கே வலியுறுத்தியவர் டாக்டர் வி.சேஷய்யா. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் அந்த ஒரு பரிசோதனையைத் தவறவிட்ட பெண்ணுக்கு, சர்க்கரை இருப்பது தையல் விட்ட பிறகுதான் தெரியவரும்.

தடுக்கும் வழிகள் எளியவை. அவற்றில் முதலாவது, கத்தி படுவதற்கு முன்பே போடும் ஒரு ஆன்டிபயாடிக் ஊசி. முன்பெல்லாம் குழந்தையை எடுத்துத் தொப்புள்கொடியைக் கவ்விய பிறகே போட்டார்கள். மருந்து குழந்தைக்குப் போய்விடுமோ என்ற பயம். கீறுவதற்கு முன் போட்டால் தாய்க்குத் தொற்று மேலும் குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியபின், உலக சுகாதார நிறுவனமும் அதையே சொல்கிறது. ஆன்டிபயாடிக்கே போடாமல் விடுவதோடு ஒப்பிட்டால் புண் தொற்றும் கர்ப்பப்பைத் தொற்றும் 60 முதல் 70 சதவீதம் வரை குறைகின்றன. அதே நிறுவனம், ஆபரேஷன் முடிந்தபின் "எதற்கும் இருக்கட்டும்" என்று தடுப்புக்காக நாள்கணக்கில் ஆன்டிபயாடிக்கைத் தொடர வேண்டாம் என்றும் சொல்கிறது. நம் ஊரில் நடப்பது பல இடங்களில் இதற்கு நேர்மாறு: முக்கியமான முதல் ஊசியின் நேரத்தை யாரும் குறித்துவைப்பதில்லை, வீட்டுக்குப் போகும்போது ஏழு நாள் மாத்திரை மட்டும் தவறாமல் வருகிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதில் இந்த மாத்திரைகளுக்கும் பங்குண்டு.

பிளேடால் மழிப்பதும் அப்படித்தான். சுத்தம் என்று நினைத்து வீட்டிலேயே மழித்துவிட்டு வருகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு வெட்டுகள் கிருமிக்கு வாசலாகும். முடியை எடுத்தே ஆக வேண்டுமானால் கிளிப்பரால் கத்தரித்தால் போதும்.

இன்று பெரும்பாலான சிசேரியனில் அடிவயிற்றில் குறுக்காகப் போடும் கீறலை 1900-இல் விவரித்தவர் ஜெர்மன் மருத்துவர் ஹெர்மன் யோஹான்னஸ் ஃபானென்ஸ்டீல். மருத்துவர்கள் இன்றும் அவர் பெயராலேயே அதைச் சொல்கிறார்கள். 1909-இல் ஒரு ஆபரேஷனின்போது அவர் விரலில் காயம் பட்டது. கிருமி ரத்தத்தில் ஏறி 47 வயதில் இறந்துபோனார். அப்போது ஆன்டிபயாடிக் கிடையாது.

பருப்பின் மேல் விழும் பழி

பருப்பு, முட்டை, உருளைக்கிழங்கு, தக்காளி எல்லாம் சீழ் வைக்கும் என்பது நம் வீடுகளில் அசையாத நம்பிக்கை. உண்மையில் புண் ஆற முதலில் வேண்டியது புரதம். புதிய திசு அதைக் கொண்டுதான் உருவாகிறது. ரத்தம் இழந்து, பாலும் கொடுக்கிற ஒரு பெண்ணிடமிருந்து பருப்பையும் முட்டையையும் பறித்துவிட்டு, புண் ஆறவில்லையே என்று அவளையே கேட்பது அநியாயம். தண்ணீரைக் குறைப்பதும் கெடுதல். மலம் இறுகும், முக்கினால் தையல் வலிக்கும், காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும்.

பாட்டிகளின் பக்குவம் எல்லாவற்றையும் நான் தள்ளவில்லை. பூண்டும் கருவாடும் மீன் குழம்பும் நல்ல உணவு. பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வு வேண்டும் என்று அடித்துச் சொன்னவர்களும் அவர்களே. மாற வேண்டியவை சில: தையல் மேல் மஞ்சளும் எண்ணெயும் பவுடரும் வேண்டாம். இரண்டு நாளுக்குப் பிறகு, மருத்துவர் சரி என்றதும், சோப்புப் போட்டுக் குளித்து, மடிப்பை விலக்கிப் புண்ணைச் சுத்தமான துணியால் ஒற்றி உலர விடலாம். வியர்வையில் ஊறிய துணியை வயிற்றில் இறுக்கிக் கட்டி வைப்பதைப் போலக் கிருமிக்கு வசதியானது வேறில்லை. காற்று வரட்டும்.

சீழ் வைத்துவிட்டால் மேலே மருந்து தடவி மூட முடியாது. தையலைப் பிரித்து, கழுவி, தினமும் டிரெஸ்ஸிங் செய்து, அடியிலிருந்து சதை வளர்ந்த பிறகு சிலருக்கு மறுதையல் போட வேண்டும். வாரக்கணக்கில் ஆகலாம். அத்தனை நாளும் குழந்தை ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம். பால் வற்றுகிறது. தினக்கூலிக்குப் போகும் கணவன் வேலையை விட்டு அலைகிறான். தனியாரில் ஆபரேஷனுக்கு வாங்கிய கடனோடு டிரெஸ்ஸிங் செலவும் சேர்கிறது.

---

பெட்டிச் செய்தி: காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம். தையலைச் சுற்றிப் பரவும் சிவப்பு, வீக்கம், சூடு. நாளுக்கு நாள் கூடும் வலி. புண்ணிலிருந்து நீர், சீழ், நாற்றம், தையல் விடுதல். அடிவயிற்று வலியோடு துர்நாற்றமுள்ள உதிரப்போக்கு. குறைந்துவந்த ரத்தப்போக்கு திடீரென்று மிகுதல், இரண்டு மூன்று வாரம் கழித்து என்றாலும். ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி. மூச்சிரைப்பு, படபடப்பு, குழறிய பேச்சு, சிறுநீர் குறைதல். கடைசியில் சொன்னவை கிருமி ரத்தத்தில் கலந்ததன் அடையாளமாக இருக்கலாம். அப்போது 108-ஐ அழையுங்கள், காலை வரை பொறுக்காதீர்கள்.

---

உள்ளே ஆறும் புண்

வெளியே தெரிவது ஒரு கோடு. அதற்குக் கீழே கொழுப்பு, வயிற்றுத் தசையின் உறை, உள்சவ்வு, அதையும் கடந்து கர்ப்பப்பை என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆறுகின்றன. தையல் பிரித்த நாளில் புண் ஆறிவிட்டதாக எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு வாரத்தில் புண்பட்ட தோலுக்குப் பழைய வலிமையில் நூற்றில் மூன்று பங்குதான் திரும்பியிருக்கும். மூன்று மாதத்தில் ஏறக்குறைய 80 பங்கு. அதற்கு மேல் கூடுவதில்லை.

கர்ப்பப்பையோ, ஆறிக்கொண்டே சுருங்குகிற உறுப்பு. பிரசவம் ஆனவுடன் ஒரு கிலோ இருக்கும். ஆறு வாரத்தில் 100 கிராமுக்குள் வந்துவிடும். இத்தனை வேகமாகச் சுருங்கும் சதையில் போட்ட தையல் நழுவாமல் பிடித்து நிற்க வேண்டும். தழும்பு முழுதாக உருப்பெற ஆறு மாதமாவது ஆகிறது என்று எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் காட்டுகின்றன.

ஒரு காலத்தில் கர்ப்பப்பைக்குத் தையலே போடமாட்டார்கள். உள்ளே தையலை விட்டால் கிருமி ஏறும், அது தானாகச் சுருங்கி மூடிக்கொள்ளும் என்று நம்பினார்கள். பெண்கள் ரத்தம் வடிந்தும் சீழ் பிடித்தும் இறந்தார்கள். 1876-இல் இத்தாலியின் போரோ, குழந்தையை எடுத்த கையோடு கர்ப்பப்பையையும் எடுத்துத் தாயைக் காப்பாற்றினார். 1882-இல் ஜெர்மனியின் மாக்ஸ் சேங்கர் கர்ப்பப்பையை அடுக்கடுக்காகத் தைத்து மூடும் முறையை எழுதினார். 1920-களில் ஸ்காட்லாந்தின் மன்றோ கெர், மேலே நெடுக்காகக் கீறுவதை விட்டுக் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறுவதை நிலைநாட்டினார். கீழ்ப்பகுதிச் சதை மெல்லியது, அடுத்த பிரசவத்தில் அதிகம் முறுக்கேறாதது. தழும்பு அங்கே இருந்தால் கிழியும் வாய்ப்பு குறைவு.

எப்படித் தைத்தால் தழும்பு உறுதியாகும் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஓர் அடுக்கா, இரண்டு அடுக்கா என்ற கேள்வியையும் சேர்த்து இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த கொரோனிஸ் ஆய்வில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. வெளிப்புண்ணில் சீழ் வைத்தால் உள்தழும்பும் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. இரண்டும் வேறு வேறு. கர்ப்பப்பைக்குள்ளேயே தொற்று வந்திருந்தால் கதை வேறு. முதல் சிசேரியனுக்குப் பின் காய்ச்சல் கண்டவர்களுக்கு, அடுத்த பிரசவ வலியின்போது தழும்பு கிழியும் வாய்ப்பு கூடியிருந்ததாக அமெரிக்காவில் 2003-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பிரசவத்துக்குப் பிந்தைய காய்ச்சலை "பால் கட்டிக் காய்ச்சல்" என்று வீட்டிலேயே முடித்துவிடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

சில பெண்களுக்குத் தழும்பு இருக்கும் இடத்தில் உட்புறமாக ஒரு குழி விழும். பலருக்கு அதனால் தொல்லை இல்லை. சிலருக்கு மாதவிலக்கு நின்ற பிறகும் பழுப்பாகக் கசிந்துகொண்டே இருக்கும். இடுப்பு வலி வரும். அடுத்த குழந்தை தள்ளிப்போகும். ஹார்மோன் கோளாறு என்று மாத்திரை தின்று அலைகிறவர்களில் இப்படிப்பட்டவர்களும் உண்டு. "எனக்கு சிசேரியன் ஆனது" என்று மருத்துவரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள். உள்வழி ஸ்கேனில் அந்தக் குழி தெரியும்.

அடுத்த கர்ப்பம்

கணக்கு தீர்வது இங்கேதான். அரிதாக, கரு அந்தத் தழும்பிலேயே ஒட்டி வளரத் தொடங்கும். ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்காவிட்டால் கடுமையான ரத்தப்போக்கில் முடியும். சிசேரியன் ஆனவர்கள் மறுமுறை கர்ப்பம் என்று தெரிந்ததும், ஏழாம் எட்டாம் வாரத்திலேயே ஸ்கேன் செய்து கரு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். ஐந்தாம் மாத ஸ்கேன் வரை பொறுப்பது தாமதம்.

அதைவிட அச்சம் தருவது நஞ்சுக்கொடி. அது கீழிறங்கி, தழும்பின் மேல் படிந்து, கர்ப்பப்பைச் சுவருக்குள் வேர் விட்டுவிட்டால் பிரசவத்தில் பிரிந்து வராது. இழுத்தால் ரத்தம் கொட்டும். பல நேரங்களில் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிவரும். ஒவ்வொரு சிசேரியனுக்கும் இந்த ஆபத்து ஏறுகிறது. முதல் ஆபரேஷனை முடிவு செய்யும் அன்று, மூன்றாவது ஆபரேஷனின் ஆபத்தையும் யாராவது அந்தத் தம்பதியிடம் சொல்ல வேண்டும். சொல்வது மருத்துவரின் கடமை.

---

பெட்டிச் செய்தி: நஞ்சுக்கொடி கீழிறங்கியிருந்தால்

2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, நஞ்சுக்கொடி கீழிறங்கிய பெண்களில் அது சுவருக்குள் வேரோடியிருந்தவர்கள்: முதல் சிசேரியனில் 3 சதவீதம், இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40, நான்காவதில் 61. இத்தகைய பிரசவத்தை ரத்த வங்கி, மயக்க மருத்துவர், சிறுநீரக அறுவை மருத்துவர், பச்சிளம் குழந்தைப் பிரிவு எல்லாம் உள்ள பெரிய மருத்துவமனையில் முன்கூட்டியே திட்டமிட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

---

"முதல் குழந்தை ஆபரேஷன் என்றால் அடுத்ததும் ஆபரேஷன்தான்" என்று நாமெல்லாம் முடிவுகட்டி வைத்திருக்கிறோம். கீழ்ப்பகுதியில் குறுக்காக ஒரே ஒரு கீறல், வேறு தடை எதுவும் இல்லை என்றால், சுகப்பிரசவத்துக்கு முயல்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு அது கைகூடுகிறது. தழும்பு கிழியும் வாய்ப்பு 200-இல் ஒன்று. சிறிய எண்தான், ஆனால் நிகழ்ந்தால் நிமிடக் கணக்கில் வயிற்றைத் திறக்க வேண்டும். அவசர ஆபரேஷனுக்கு எந்நேரமும் ஆளும் ரத்தமும் இருக்கும் இடத்தில், குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து கவனித்தபடி மட்டுமே முயல வேண்டும். மேல்பகுதியில் நெடுக்காகக் கீறியவர்களுக்கு இந்த வழி கிடையாது. அவர்களுக்குக் கிழியும் ஆபத்து பல மடங்கு.

இடைவெளியும் முக்கியம். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவே குறைந்தது 24 மாதம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிசேரியன் ஆனவர்கள் சீக்கிரமே மறுபடி பிரசவ வலியைச் சந்தித்தால் தழும்பு கிழியும் வாய்ப்பு கூடுகிறது. "கையோடு இன்னொண்ணையும் பெத்துடு, ரெண்டும் ஒண்ணா வளந்துடும்" என்று சொல்லும் பெரியவர்களுக்கு இது தெரிய வேண்டும். கணவனுக்கு இன்னும் நன்றாகத் தெரிய வேண்டும். காப்பர்-டி சிசேரியன் மேஜையிலேயே போட்டுக்கொள்ளலாம்; அதற்கான சம்மதத்தை வலியில்லாத நாளில், அவளுக்கு முழுதாகப் புரியும்படி சொல்லிப் பெற வேண்டும்.

அந்த ஒரு தாள்

இரண்டாம் கர்ப்பத்தில் வேறு ஊர், வேறு மருத்துவமனை. புது மருத்துவர் கேட்பார்: "கர்ப்பப்பையில் கீறல் குறுக்கா, நெடுக்கா?" தோலில் தெரியும் கோட்டைக் காட்டிப் பயனில்லை. வெளியே குறுக்காக இருந்தாலும் உள்ளே நெடுக்காகக் கீறியிருக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் கீழ்ப்பகுதி சிசேரியனைக் குறிக்கும் "எல்.எஸ்.சி.எஸ்." என்ற நான்கு எழுத்து மட்டும் இருக்கும், அந்தத் தாள் தொலைந்து போயிருக்காவிட்டால். விவரம் தெரியாதபோது பொறுப்புள்ள மருத்துவர் துணிந்து முயல மாட்டார், மறுபடி ஆபரேஷன். ஒரு வரி எழுதாததற்கு ஒரு பெண்ணின் வயிற்றில் இன்னொரு கீறல்.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் இருக்கிறது. அந்த எண்ணோடு கீறலின் வகை, தையல், தொற்று வந்ததா என்பதெல்லாம் அடுத்தடுத்த கர்ப்பங்களுக்கும் சேர்ந்து வர வேண்டும். தனியார் மருத்துவமனைகளும் அதை நிரப்பியாக வேண்டும் என்று அரசு சொல்ல வேண்டும். தாய்வீட்டு ஊரின் செவிலியருக்கு டிஸ்சார்ஜ் அன்றே தகவல் போக வேண்டும்.

அது நடக்கும் வரை, வீட்டுக்குக் கிளம்புமுன் கேட்டு எழுதி வாங்குங்கள்: ஆபரேஷன் எதற்காக, கர்ப்பப்பையில் கீறல் எப்படி, கூடுதலாக எங்காவது கிழிந்ததா, எவ்வளவு ரத்தம் போனது, ஆன்டிபயாடிக் எப்போது போட்டார்கள், அடுத்த முறை சுகப்பிரசவத்துக்கு முயலலாமா. போனில் படம் எடுத்துக் கணவனுக்கும் அம்மாவுக்கும் அனுப்பி வையுங்கள். ஆபரேஷன் ஆகிச் சில ஆண்டுகள் கழிந்துவிட்டவர்களும், பழைய மருத்துவமனைக்குப் போய்த் தங்கள் பதிவேட்டின் நகலைக் கேட்கலாம். அது உங்கள் உடம்பைப் பற்றிய பதிவு. இரண்டாவது குழந்தையைப் பற்றி யோசிக்கத் தொடங்கும்போதே போய்க் கேளுங்கள்.